கடலுக்கு ஒரு நோட்டீஸ்

எங்கள் ஊர்ப் பெண்களின் வறுமையை மூன்று வருஷத்தில் ஒழித்துத் தருவதாக நிறுவனம் வந்து சேர்ந்தபோது, அதனால் முதலில் நன்மை அடைந்தவள் நான்தான். புவியியல் படித்து முடித்துவிட்டு ஆறு வருஷமாக வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு வருகைப் பதிவாளர் வேலை கொடுத்தார்கள். கழுத்தில் தொங்க ஓர் அட்டை, நீளமான ஒரு பதிவேடு, உட்கார நாற்காலி. அதனால் நான் இப்போது சொல்லப்போவதை எல்லாம் நன்றி கெட்ட பேச்சு என்று நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் ஸி ரவூஃப், அதாவது ரவூஃப் ஐயா, சொல்வார். சொல்லட்டும்.

எங்கள் ஊர் ராஸ் மர்வா, துனீசியாவில் ஸ்ஃபாக்ஸுக்கும் காபெஸுக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. ஆண்களில் பாதிப் பேர் ஆலிவ் தோப்புக்குக் கூலிக்குப் போகிறார்கள். மீதிப் பேர் காபிக் கடையில் உட்கார்ந்து கூலி குறைந்துபோனதைப் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டை ஓட்டுவது மட்டி. அக்டோபரிலிருந்து மே வரை, கடல் வற்றும்போது, பெண்கள் வாளியும் சிறிய அரிவாளுமாகச் சேற்றில் இரண்டு கிலோமீட்டர் நடந்து திடலுக்குப் போவார்கள். மணலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஊசித் துளை தெரிந்தால் அடியில் மட்டி இருக்கிறது என்று அர்த்தம். மூன்று மணி நேரம் குனிந்த முதுகு நிமிராது. கடல் திரும்புவதற்குள் கரையேறிவிட வேண்டும். கரைக்கும் திடலுக்கும் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. ஏறிவரும் தண்ணீர் முதலில் அதைத்தான் நிரப்பும். அதாவது, குனிந்திருப்பவளுக்கு முதுகுப் பக்கம். அதனால் எங்கள் ஊரில் யாரும் தனியாகப் போவதில்லை. ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி அள்ளும்போது மற்றவள் அடிக்கடி நிமிர்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொள்வாள்.

என் சித்தி துர்க்கியாவுக்கு ஜோடி பக்கத்து வீட்டு ஹனியா. சித்திக்கு நாற்பத்தாறு வயது. எதையும் நெடுநேரம் யோசித்து, சொல்லாமலே விட்டுவிடுகிறவள். ஹனியா அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவள். கணவன் மிஸ்பாஹ் ஆலிவ் பறிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தான். "முன்னாடி காபிக் கடையில உக்காந்திருந்தாரு, இப்ப வீட்டுல உக்காந்திருக்காரு. காபிச் செலவு மிச்சம்," என்பாள். அவன் காதில் விழும்படியே சொல்வாள். அவனும் சிரிப்பான்.

நிறுவனத்தின் பெயர் ஒரு வரியில் அடங்காது. கடலோரக் கிராமப்புறப் பெண்களின் நிலையான வாழ்வாதாரம் என்று தொடங்கி எங்கேயோ போய் முடியும். நாங்கள் நிறுவனம் என்றே சொல்வோம். அது வந்தவுடன் மாவட்ட அலுவலகத்தோடு பேசி ஒரு நல்ல காரியம் செய்தது. பெண்களைச் சுரண்டலிலிருந்து காப்பாற்றுவதற்காக, இனிமேல் நிறுவனத்தின் நீல அட்டை வைத்திருப்பவர்களிடம் மட்டும்தான் வியாபாரிகள் மட்டி வாங்கலாம். அட்டை வேண்டுமானால் பயிற்சிக்கு வர வேண்டும். மூன்று நாள் வராவிட்டால் அட்டை ரத்து.

பயிற்சி மாதத்துக்கு இரண்டு சுற்று. ஒன்றாம் தேதி தொடங்கி நான்கு நாள், பதினைந்தாம் தேதி தொடங்கி நான்கு நாள், காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. அந்தப் பருவத்தில் அமாவாசையும் பௌர்ணமியும் ஏறக்குறைய அந்தத் தேதிகளையே ஒட்டி வந்தன. எங்கள் கரையில் கடல் வெகுதூரம் வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான். அதுவும் காலை பத்து மணி வாக்கில். மற்ற நாட்களில் போனால் முழங்கால் தண்ணீரில் குருடன் மாதிரித் தடவ வேண்டும்.

நாற்பது பெண்கள் புது மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் ஸி ரவூஃப் அட்டவணையைப் படித்து முடித்ததும் சித்தி எழுந்து நின்றாள். அவள் பொது இடத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஸி ரவூஃப், மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாமா? இல்லன்னா எட்டாந்தேதி, ஒம்பதாந்தேதி மாதிரி வச்சா எங்களுக்குத் தோதா இருக்கும்."

"நல்ல கேள்வி," என்றார் ஸி ரவூஃப். அவருக்கு எல்லாமே நல்ல கேள்விதான். "சகோதரிகளே, ஏழ்மைக்கு மூல காரணம் என்ன தெரியுமா? நேரத்தைத் திட்டமிடத் தெரியாதது. இந்த அட்டவணை தலைநகர் துனீஸில் தயாராகி, கடல் தாண்டிப் போய், கொடையாளர்கள் பார்த்து, கையெழுத்தாகித் திரும்ப வந்திருக்கிறது. எட்டு மாதம் ஆனது. ஏழைப் பெண்களின் வசதிக்காக அதை மாற்றினால், ஏழைப் பெண்களுக்கு உதவுகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"கடலைத் தாண்டித்தானே போச்சு? போறப்ப அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் ஹனியா.

எல்லோரும் சிரித்தார்கள். ஸி ரவூஃபும் சிரித்தார். பிறகு அதை "பங்கேற்பாளர்கள் உற்சாகம்" என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

முதல் பாடம், நேரத்தைத் திட்டமிடுவது எப்படி. துனீஸிலிருந்து வந்த பயிற்சியாளர் பெண் ஆளுக்கு ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, உங்கள் நாளை ஒரு வட்டமாக வரையுங்கள் என்றாள். சித்தியின் வட்டம் சேரவில்லை. தொடங்கிய இடத்தைத் தாண்டி, பக்கத்தில் ஒரு வால் மாதிரி நீண்டுகொண்டு போனது.

"என்னம்மா இது?"

"என் நாளும்மா. கொஞ்சம் நீளம்."

"நாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"நேத்து கடல் வத்தின நேரத்துக்கு இன்னைக்கு வத்தாதும்மா. முக்கால் மணி நேரம் தள்ளித்தான் வத்தும். நாளைக்கு இன்னும் முக்கால் மணி. நானும் அது கூடவே போறேன். அப்ப என் நாள் கொஞ்சம் நீளம்தானே?"

பயிற்சியாளர் தாளின் ஓரத்தில் "நாளின் அளவு தவறு, மீண்டும் முயலவும்" என்று எழுதினாள். சித்தி சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். இருபத்து நான்கு மணி ஐம்பது நிமிடம். பல்கலைக்கழகத்தில் அதை எழுதித்தான் நான் தேறினேன். ஆனால் என் வேலை வருகைப் பதிவு. சித்தி வந்திருந்தாள் என்று பதிந்தேன்.

நவம்பரில் நான்கு நல்ல வற்றமும் டிசம்பரில் ஏழும் மண்டபத்துக்குள்ளேயே கழிந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல் அடிவானத்துக்குப் போய்விட்டிருக்கும்; திடல் வெயிலில் பளபளத்துக் கிடக்கும். பெண்கள் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், கவனம் சிதறுகிறது என்று.

புகார் கொடுக்க உரிமை உண்டு என்பதும் ஒரு பாடம். அதைச் சித்தி நம்பிவிட்டாள். புகார்ப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். 'யாருக்கு எதிராக' என்ற கேள்விக்கு நான்கு பெட்டிகள் இருந்தன: கணவர், இடைத்தரகர், உள்ளூர் அதிகாரி, மற்றவர். நிறுவனம் என்று பெட்டி இல்லை.

"மத்தவர்ல போடு. கடல்னு எழுது," என்றாள் சித்தி. "அதோட நேரமும் இவங்க நேரமும் ஒத்துப்போகலைன்னு எழுது. அவங்களுக்கே புரிஞ்சிடும்."

ஸி ரவூஃபுக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிந்தது. படிவத்தை இரண்டு முறை படித்தார். "விதி என்ன சொல்கிறது? எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்காமல் எந்தப் புகாரிலும் முடிவெடுக்கக் கூடாது. அது யாராக இருந்தாலும் சரி. நடுநிலைதான் நம் நிறுவனத்தின் முதுகெலும்பு," என்றார்.

அப்படித்தான் நான் கடலுக்கு நோட்டீஸ் எழுதினேன். பெறுநர்: கடல், ராஸ் மர்வா. திருமதி துர்க்கியா அளித்த புகாரின் மீது தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்கவும். தவறினால் தங்களுக்குச் சொல்ல ஏதுமில்லை எனக் கருதப்படும். முத்திரை குத்தி, கண்ணாடித் தாள் சுற்றி, கடலைப் பார்த்தாற்போல ஒரு கம்பத்தில் அடித்தோம். அடித்ததற்குச் சாட்சியாக இரண்டு மீனவர்களின் கையெழுத்தும் வாங்கினேன். ஒருவர் கையெழுத்துப் போடும்போதே சிரிப்பு தாங்காமல் இருமினார்.

பன்னிரண்டாம் நாள் பெரிய ஏற்றம் வந்து கம்பத்தோடு அதைக் கொண்டுபோய்விட்டது.

"எடுத்துக்கிட்டுப் போயிருக்குக்கா," என்றாள் ஹனியா சித்தியிடம். "நம்மள மாதிரி அதுக்கும் எழுத்து தெரியாது போல. யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லி அலையும், பாவம்."

கோப்பில் இப்படி முடித்தோம்: நோட்டீஸ் பெற்றுக்கொள்ளப்பட்டது. எதிர்த்தரப்பு பதிலளிக்கவில்லை. புகார்தாரர் விரும்பினால் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடு துனீஸுக்குப் போனது. அங்கிருந்து ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் கரையில் குடை விரித்து ஒன்பது நாள் உட்கார்ந்து, நூற்றிருபது பக்கத்தில், பெண்களின் வருமானம் சந்திரனை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். சந்திரன் மீதான சார்பைக் குறைக்க மாற்றுத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதனால் ஜனவரி முழுக்கச் சோப்புப் பயிற்சி. மட்டி வடிவச் சோப்பு, லாவெண்டர் வாசனை. நாற்பது வீட்டிலும் ஆளுக்கு அறுபது சோப்பு. ஹனியா சித்தியிடம் விற்றாள், சித்தி ஹனியாவிடம் விற்றாள். அறிக்கையில் அது உள்ளூர்ச் சந்தை என்று போனது. மிஸ்பாஹ் மட்டும் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "தலேல், எங்க வீட்டு ஆடு கூட மணக்குது. இதைக் கழுவி எடுக்க எதாவது சோப்பு இருக்கா?"

பிப்ரவரியில் கொடையாளர்கள் வந்தார்கள். பெண்கள் மட்டி அள்ளுவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களுடைய விமானம், விருந்து எல்லாம் கணக்குப் பார்த்ததில் மாலை நான்கு மணிதான் ஒழிந்தது. அந்த நாள் நான்கு மணிக்குக் கடல் முழு ஏற்றத்தில், மண்டபத்துப் படிக்கட்டு வரை வந்து நிற்கும். ஸி ரவூஃப் கலங்கவில்லை. முதல் நாளே வியாபாரியிடமிருந்து மூன்று மூட்டை மட்டி திரும்ப வாங்கி, படிக்கட்டுக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் கொட்டி வைத்தார். பெண்கள் வரிசையாக நின்று, போன வாரம் தாங்கள் அள்ளி விற்ற மட்டியைத் திரும்ப அள்ளினார்கள்.

"எனக்கு இது தெரிஞ்ச முகமா இருக்கேக்கா," என்றாள் ஹனியா, ஒரு மட்டியைத் தூக்கிப் பிடித்து.

"பேசாம அள்ளு, பாக்குறாங்க."

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் சித்தியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷிதான். எங்கள் தலைமையகத்திலிருந்து வந்திருந்த மதாம் லிலியா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"இந்தத் திட்டத்தால உங்க வாழ்க்கையில என்ன மாறியிருக்குன்னு கேக்கறாங்க."

சித்தி யோசித்தாள். "முன்னாடி கடல் இறங்குறப்ப நாங்களும் கூடவே இறங்குவோம்," என்றாள். "இப்ப அது திரும்பினதுக்கு அப்புறம் போறோம். வகுப்பு விட்டதும் ஓடுறோம். அது ஏறுது, நாங்க இறங்குறோம். பயமா இருக்கும்மா."

மதாம் லிலியா அந்த அம்மாளிடம் திரும்பினாள். எனக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். "முன்பெல்லாம் கடல் வைத்ததுதான் சட்டம், இப்போது தாங்கள் முடிவு செய்யும் நேரத்தில் கடலுக்குப் போவதாகச் சொல்கிறாள்," என்றாள். அம்மாள் சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சித்தியின் பாவாடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளுடைய செருப்பில் விழுந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

மார்ச் மாத முதல் சுற்றில் நான்காம் நாள் பாடம், கடலில் பாதுகாப்பு. நான்காம் நாள் என்றால் கடல் பன்னிரண்டரைக்கு அடிவரை வற்றும். சரியாக ஒரு மணிக்கு விட்டால் ஓடிப்போய் ஒரு மணி நேரம் அள்ளலாம். அதற்கு முந்தைய மூன்று நாளும் யாரும் அள்ளியிருக்கவில்லை. சாயங்காலம் வியாபாரியின் வண்டி வரும். அதை விட்டால் அடுத்த வாரம்தான்.

நிறுவனம் அன்றைக்கு நாற்பது மிதவைச் சட்டைகள் வரவழைத்திருந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்டு, வாரைக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் நடந்து காட்டினார்கள். பிறகு ஸி ரவூஃப் உரை நிகழ்த்தினார். உயிர் விலைமதிப்பற்றது என்று தொடங்கி, நிறுவனத்தின் இருபது வருஷ வரலாற்றில் மூன்றாவது வருஷத்துக்கு வந்தபோது மணி ஒன்று.

ஹனியா என் மேஜைக்கு வந்தாள். உடம்பில் ஆரஞ்சுச் சட்டை. "பூசணிக்கா மாதிரி இருக்கேன்ல? தலேல், கண்ணு, கையெழுத்தை இப்பவே போட்டுட்டுக் கிளம்பறேன். தண்ணி திரும்பிக்கிட்டிருக்கு."

"முடியறப்பதான் அக்கா போடணும். முன்னாடி போட்டா வராத மாதிரிதான்."

"வந்திருக்கேனே? பூசணிக்காயா உன் முன்னாடி நிக்கறேனே?"

"விதி அக்கா. நான் என்ன பண்ண?"

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு நாள் வராத கணக்கு இருந்தது. மிஸ்பாஹை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்கள். இன்னும் ஒன்று விழுந்தால் அட்டை போய்விடும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை. "சரி, உன் பொழப்பும் பொழப்புதானே," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

உரை முடிந்து, படம் எடுத்து, மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கி, எண்ணி, அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கொடையாளர்களில் ஒருவர் வந்து முறைப்படி வழங்கும் விழா ஏப்ரலில் இருந்தது. அதுவரை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அதன் பிறகு கையெழுத்து. நாற்பதும் சரியாக இருந்தது.

பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நால்வர் பள்ளத்து ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சித்தியும் ஹனியாவும் போனார்கள்.

பிறகு நடந்ததைச் சித்தி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். என் அம்மாவிடம் சொன்னாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"அரை வாளி கூட நிறையலை. கிழக்குக் காத்து தண்ணிய அள்ளிக்கிட்டு வருது. 'அக்கா, பள்ளம்'னு கத்தினா. திரும்பிப் பாத்தா இடுப்புக்கு இருக்கு. நாங்க போறதுக்குள்ள நெஞ்சுக்கு வந்துடுச்சு. மட்டியக் கொட்டிட்டு வாளியக் கவுத்துப் பிடிச்சுக்கன்னு அவதான் சொன்னா. பிடிச்சுக்கிட்டேன். இந்தக் கையில அவ கை. நடுவுல ஒரு இழுப்பு. அவ அப்பவும் ஏதோ சொன்னா. சொன்னது காதுல விழலை. என்ன சொன்னான்னு தெரியலை."

மீனவர்கள் மூன்று நாள் படகில் தேடினார்கள். நான்காம் நாள் கடற்காவல் கப்பல் வந்து தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ஹனியாவின் வாளி கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

பதினைந்தாம் தேதி பயிற்சி தொடங்கியபோது, ஸி ரவூஃப் முதலில் ஒரு நிமிடம் மௌனம் அனுஷ்டிக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேசினார். நிஜமாகவே அவர் குரல் தழுதழுத்தது.

"சகோதரிகளே, நாற்பதில் ஒருவர் என்பது இரண்டரை சதவீதம். இந்தத் திட்டத்தில் இழப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த மரணம் எனக்கு எவ்வளவு பெரிய அடி என்பது உங்களுக்குப் புரியாது. நான் பத்து நாளாகத் தூங்கவில்லை."

சித்தி எழுந்தாள்.

"ஸி ரவூஃப், அன்னைக்கு ஒரு மணிக்கே விட்டிருந்தா?"

"நல்ல கேள்வி," என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "அன்றைய பாடமே கடலில் பாதுகாப்புதான். அவர் முழுவதும் இருந்து கேட்டிருக்கிறார். கடைசியில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். பதிவேடு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் இப்படி நடந்துகொண்டால் நிறுவனம் என்ன செய்ய முடியும்? தலேல், அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்," என்றார்.

நான் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். ஹனியாவுக்கு அவள் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். அதுவும் அந்த மண்டபத்தில்தான் கற்றுக்கொண்டாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குள் போயிருந்தது.

சித்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஸி ரவூஃப், "இடைவேளை பதினொன்றுக்குத்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

அன்றைக்குக் கடல் பத்தேகாலுக்கு வற்றியது. முப்பத்தொன்பது பேரும் இறங்கிப் போனதை நான் திரையை விலக்கிப் பார்த்தேன். வகுப்பை விட்டு வந்தவர்களின் அட்டை செல்லாது என்று வியாபாரி முதல் நாள் மறுத்தான். இரண்டாம் நாளும் மறுத்தான். மூன்றாம் நாள், வேறு யாரிடமும் மட்டி கிடைக்காததால், அட்டையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டான். விலையைக் குறைத்தான்; அது அவன் முன்பே செய்துகொண்டிருந்ததுதான்.

மண்டபம் காலி. ஆனால் சுற்று நின்றால் நிதி நிற்கும். அதனால் பதிவேட்டோடு கரைக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். போனேன். பெண்கள் சேற்றுக் கையோடு கட்டை விரலை வைத்துவிட்டுத் திரும்பிக் குனிந்தார்கள். சித்தி வைக்கவில்லை. அவள் பெயருக்கு நேராக நானே என் விரலை வைத்தேன். நான் வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

ஹனியாவுக்கு மூன்றாவது நாளும் வராத கணக்கு விழுந்ததால் அவளுடைய அட்டை தானாகவே ரத்தாகி, அந்தக் கடிதம் அவள் பெயருக்கு வீட்டுக்குப் போனது. பிறகு அவளைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. வெளியேறிய காரணத்துக்கு ஐந்து பெட்டிகள். இறப்பு என்று போட மரணச் சான்றிதழ் வேண்டும். உடல் இல்லாததால் நீதிமன்றம் முடிவு சொல்ல வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். திருமணமாகிப் போனாள் என்று போட முடியாது. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாள் என்றால் புது முகவரி கேட்கிறது. ஆர்வமின்றி விலகினாள் என்று போட்டால் அந்த இரண்டரை சதவீதம் வந்துவிடுகிறது. மதாம் லிலியா துனீஸிலிருந்து போனில் பேசினாள். அன்பாகத்தான் பேசினாள்.

"தலேல், யோசிச்சுப் பாரு. அவங்க இப்ப நம்ம உதவியை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்களா?"

"இல்லை மதாம்."

"நம்ம உதவி இல்லாம இருக்காங்க. அப்படித்தானே?"

நான் படிவத்தில் இருந்த பெட்டிகளைத் திரும்ப எண்ணினேன்.

"அப்ப அஞ்சாவது பெட்டி. சுயசார்பு அடைந்தார்."

அந்தப் பெட்டியில் யாருக்கும் அதுவரை குறி போட்டதில்லை. மூன்று வருஷத் திட்டத்தில் சுயசார்பு அடைந்து வெளியேறிய முதல் பெண் ஹனியா. குறியை நான்தான் போட்டேன்.

ஜூனில் நிறுவனத்தின் ஆண்டு மலர் வந்தது. பிப்ரவரியில் எடுத்த படம் அதில் பெரிதாக இருந்தது: ஹனியா ஒரு மட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். கட்டுக் கட்டாக வந்த பிரதிகளை ஓட்டுநர் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை மிஸ்பாஹ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடவே சித்தியும் வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் எங்கள் வாசல் மிதித்தது அன்றைக்குத்தான். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா டீ போட்டாள். யாரும் குடிக்கவில்லை.

"படிம்மா," என்று மிஸ்பாஹ் மலரை நீட்டினான். "அவளைப் பத்திதானே போட்டிருக்கு?"

படித்தேன். எதையும் மாற்றவில்லை, விடவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. "ஒருகாலத்தில் கடலின் கட்டளைக்குக் காத்திருந்தவர் ஹனியா. இன்று அவர் யாரையும் எதிர்பார்த்து வாழவில்லை. தன் நேரத்தைத் தானே முடிவு செய்கிறார். கடல் இப்போது அவருக்கு அச்சம் தருவதில்லை. ராஸ் மர்வாவின் மற்றப் பெண்களும் விரைவில் ஹனியா சென்ற பாதையில் செல்வார்கள் என்று நிறுவனம் உறுதியாக நம்புகிறது."

சித்தி நிலையை விட்டு விலகி, வெளிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மிஸ்பாஹ் படத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டான்:

"செத்துட்டான்னு கோர்ட்டும் சொல்ல மாட்டேங்குது. இவங்களும் இருக்கான்னுதான் அச்சடிச்சிருக்காங்க. நீ நல்லாப் பாரு தலேல். எந்த ஊர்ல இருக்கான்னு எங்கயாவது போட்டிருக்கா?"

எங்கும் போட்டிருக்காது என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் நான் பக்கத்தைப் புரட்டி, அடுத்த பக்கத்திலும் பார்த்தேன்.